610-க்குப் பதிலாக 604: கோம்பாக்கில் கம்பிச் சடக்கை 36 மீட்டர் நீட்டிய அனுபவம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை இறங்குவதற்குச் சற்று முன்பு, பன்னிரண்டு மூட்டை ஜல்லி ஏற்றிய விறகு வண்டி வளைவு முழுவதையும் தடம் புரளாமல் கடந்து, பழைய புகைக் கொட்டகையின் வாசலில் நாங்கள் போட்டிருந்த தடுப்புக் கட்டையில் முட்டி நின்றது. அதே வண்டி அதே வளைவில் மூன்று மாதங்களாக இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கே தவறினோம் என்பது மறப்பதற்குள், அளவுகளும் செலவும் எங்கள் குறிப்பேட்டில் இருப்பதைப் பார்த்து எழுதிவைக்கிறேன்.

இடம், கோலாலம்பூரின் வடக்கே கோம்பாக் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் நிலம். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட விறகு ஏற்றிச் சென்ற, இரண்டடி அகலத் தண்டவாளப் பாதையில் (இதைத்தான் கம்பிச் சடக்கு என்கிறோம்) 48 மீட்டர் மட்டும் புதருக்கடியில் மிஞ்சியிருந்தது. அதைச் சென்ற ஆண்டு துப்புரவாக்கி, வண்டியைக் கையால் தள்ளும் நிலைக்குக் கொண்டுவந்தோம். நாங்கள் ஒன்பது பேர். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செலாயாங் ஆகிய இடங்களிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறோம். மூன்று பேருடைய அப்பாவோ தாத்தாவோ செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர்கள். இந்த ஆண்டின் வேலை, பாதையை வளைத்துக் கொண்டுபோய் மறுபடியும் புகைக் கொட்டகையில் சேர்ப்பது: 12 மீட்டர் நேர்ப்பகுதி, 24 மீட்டர் வளைவு, ஆக 36 மீட்டர்.

சின்னப் பாதை என்றதும் நம்மவர்கள் ஊட்டி ரயிலை நினைத்துக்கொள்வார்கள். நீலகிரி ரயிலின் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய மலாயாவின் முதல் ரயிலும், மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் இன்றைய பாதையும் அதே 1000-தான். எங்களுடையது 610, டார்ஜிலிங் ரயிலின் அகலம். அகலம் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு கூடும் என்பதை இந்த வேலையில்தான் கற்றோம்.

தண்டவாளம் கிடைத்தது பேராக்கில், பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம். கெஜத்துக்கு 20 பவுண்டு எடையுள்ள வகை. மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ. ஆறு மீட்டர்த் துண்டு 60 கிலோ இருக்கும், இரண்டு பேர் தூக்கலாம், நான்கு பேர் இருந்தால் இடுப்பு பிழைக்கும். பன்னிரண்டு துண்டுகள், 720 கிலோ, கிலோ 2.10 வெள்ளி (ரிங்கிட்) வீதம் 1512 வெள்ளி. லோரி வாடகை 380. இணைப்புத் தகடுகளை வியாபாரி எடையில் சேர்க்காமல் தந்துவிட்டார். அடித்தட்டு அரித்துப்போன இரண்டு துண்டுகளை நாங்கள் கவனிக்காமல் ஏற்றிவந்தது எங்கள் அவசரம். அடுத்த முறை கம்பித் தூரிகையை எடுத்துப்போய், ஆணி பிடிக்கும் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபிறகே காசை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் சிலிப்பர் கட்டைக்குச் செங்கால் என்ற கடின மரம். பழைய வீடு இடித்த உத்தரங்களை 125 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் கனம், 1200 மில்லிமீட்டர் நீளத்துக்கு அறுத்துத் தரச் சொன்னோம். கட்டை ஒன்று 18 வெள்ளி. முதல் நாள் ஆணியை நேராகவே அடித்தோம். செங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை: ஆணி வளைந்தது, வளையாத இடத்தில் கட்டை பிளந்தது. ஒரு காலைப் பொழுதில் ஒன்பது கட்டைகள் போயின. பிறகு 12 மில்லிமீட்டர் ஆணிக்கு 10 மில்லிமீட்டர் துளையிட்டு, ஆணியின் முனையைப் பழைய எஞ்சின் எண்ணெயில் தோய்த்து அடித்தபோது ஒரு கட்டைகூடப் பிளக்கவில்லை. பாதைக்கு 62 கட்டைகள் போதும். பிளந்த ஒன்பதையும் சேர்த்து 71-க்குப் பணம் கட்டினோம்.

மண் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 200 மில்லிமீட்டர் ஆழம் வெட்டி, செம்மண் மேலே ஏறாமலிருக்க வடிகட்டித் துணி விரித்து, அதன்மேல் ஜல்லி கொட்டினோம். எங்களில் யாழ்ப்பாண வழி வந்த ஒருவர் கடப்பாரையை அலவாங்கு என்றே கேட்பார். "அலவாங்கைத் தாங்கோ" என்ற குரல் வந்தால் மற்ற எட்டுப் பேரும் ஒரு கணம் சுற்றிப் பார்ப்போம். தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பக்கம் லோரி நகர முடியாது என்று தெரிந்திருந்தும் அந்த வாரத்துக்கே ஜல்லிக்குச் சொல்லிவைத்தவன் நான்தான். வேல்ஸில் ஃபெஸ்டினியோக் ரயிலின் பழைய பாதையை ஒரு நீர்மின் திட்டத்தின் ஏரி மூழ்கடித்தபோது, தன்னார்வலர்கள் 1965-இல் மண்வெட்டியோடு தொடங்கி, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் மாற்றுப்பாதையை மலைச்சரிவில் வெட்டி 1978-இல் முடித்தார்கள் என்று படித்திருந்தோம். நாங்கள் 36 மீட்டருக்கே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இனி, அளவுக் கம்பியின் கதை. இரு தண்டவாளங்களின் தலைகளுக்கு (சக்கரம் உருளும் மேல்பகுதிகளுக்கு) நடுவே, உள்முகத்திலிருந்து உள்முகம்வரை 610 இருக்க வேண்டும். இதைக் கட்டைக்குக் கட்டை நாடாவால் அளப்பது ஆகாத காரியம். ஆகவே அளவுக் கம்பி ஒன்று செய்தேன்: 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயின் இரு முனைகளிலும் கீழ்நோக்கி ஆளுக்கொரு இரும்புக் காது வைத்து, காதின் வெளிமுகத்திலிருந்து மறுகாதின் வெளிமுகம்வரை 610 அளந்து, புள்ளி வெல்டிங் வைத்தேன். மீண்டும் அளந்தேன், 610 சரியாக இருந்தது. அதன்பின், உறுதியாக இருக்கட்டும் என்று இரு காதுகளின் உட்பக்கத்திலும் முழு நீளத்துக்கு வெல்டிங் ஓட்டினேன், மஞ்சள் வண்ணம் அடித்தேன், உலர வைத்தேன். வண்ணம் உலர்ந்தபிறகு ஒருவரும் அதை அளக்கவில்லை. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாத செய்தியுமல்ல; வீட்டு கேட்டை வெல்டிங் செய்தபோது சட்டம் கோணியதைப் பார்த்தவன்தான். உட்பக்கம் மட்டும் ஓட்டிய வெல்டிங், 40 மில்லிமீட்டர் நீளக் காதுகளின் நுனியை ஆளுக்கு மூன்று மில்லிமீட்டர் உள்ளே இழுத்துவிட்டது. எங்கள் 610, அன்றிலிருந்து 604.

இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், தெரியவும் செய்தது. கம்பியைப் பழைய 48 மீட்டர்ப் பாதையில் வைத்துப் பார்த்தபோது அது ஆடியது. ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததைப் பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டுகள் ஓடிய பாதை தேய்ந்து அகன்றுவிட்டது என்று முடிவு கட்டினோம். ஒருவர் அதைக் குறிப்பேட்டிலும் எழுதினார்: "பழைய பாதை +6, தேய்மானம்." அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

நேர்ப்பகுதி 12 மீட்டரையும் அந்தக் கம்பியை வைத்தே அடித்தோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நேர்ப்பாதையில் சக்கரத்துக்கு அவ்வளவு இடம் தேவைப்படுவதில்லை. எங்கள் வண்டியின் சக்கர விளிம்புகளுக்கு இடையே வெளியிலிருந்து வெளி 598 மில்லிமீட்டர் என்பதால், 604-இலும் ஆறு மில்லிமீட்டர் விளையாட்டு (சக்கரம் ஆடும் இடைவெளி) மிச்சம் இருந்தது. தவறை ஐந்து வாரங்கள் மறைத்துவைத்தது இந்த ஆறு மில்லிமீட்டர்தான்.

வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். தண்டவாளத்தை வளைக்க ஜிம் குரோ என்ற பழைய கருவி ஒன்று உண்டு; நகம்போன்ற இரு பிடிகளுக்கு நடுவே திருகு வைத்து அழுத்துவது. அது கிடைக்காததால், பழைய இரும்புக் கடையிலிருந்து 90 வெள்ளிக்குச் சேனல் இரும்பு வாங்கிச் சட்டம் கட்டி, 145 வெள்ளிக்கு 10 டன் ஜாக்கி ஒன்றை நடுவில் வைத்தோம். சரிபார்க்கும் முறை எளிது: 4 மீட்டர் நூலைத் தண்டவாளத் தலையின் உள்முகத்தில் இரு புள்ளிகளுக்கு நடுவே இழுத்துப் பிடித்தால், நடுவில் 100 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். முதல் துண்டில் மீட்டருக்கு ஒரு முறை அழுத்தினோம். நூலுக்கு அளவு சரியாக வந்தது, ஆனால் தண்டவாளம் முழங்கை முழங்கையாக மடிந்திருந்தது. பிறகு 300 மில்லிமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் சிறிது சிறிதாக அழுத்தியபோது வளைவு வளைவாக வந்தது. ஜாக்கியைத் தளர்த்தினால் இரும்பு கொஞ்சம் பின்வாங்கும்; எவ்வளவு பின்வாங்கும் என்பது துண்டுக்குத் துண்டு மாறியதால் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, அழுத்தி, தளர்த்தி, நூல் பிடித்து, மறுபடி அழுத்துவதே வழியாயிற்று. துண்டு ஒன்றுக்கு 50 நிமிடம் பிடித்தது.

உள்வளைவின் தண்டவாளம் வெளிவளைவைவிடக் குட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் அடித்துமுடித்த பிறகே உணர்ந்தோம். ஆறு மீட்டருக்கு ஏறக்குறைய 190 மில்லிமீட்டர் முந்திக்கொண்டு போகிறது. முதலில் அறுத்துச் சமப்படுத்த நினைத்தோம். பிறகு இணைப்புகள் எதிரெதிராக வராமல் முன்பின்னாக வந்தால் வளைவில் மடிப்பு குறையும் என்று கேட்டறிந்து, அப்படியே விட்டுக் கடைசித் துண்டை மட்டும் அறுத்தோம். இணைப்புகளில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். நம் வெயிலில் தண்டவாளம் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே முப்பது டிகிரி சூடேறினால், ஆறு மீட்டர்த் துண்டு 2 மில்லிமீட்டர் நீளும். அதற்கு 3 தாராளம்.

ஏப்ரல் முதல் ஞாயிறு வண்டியைத் தள்ளினோம். வளைவின் மூன்றாவது துண்டில் முன்சக்கரம் வெளித் தண்டவாளத்தின்மேல் ஏறி, ஒரு முழம் தலைமேலேயே உருண்டு, வெளியே விழுந்தது. மறுபடி தள்ளினோம், மறுபடி அங்கேயே.

முதலில் இணைப்பின்மேல் சந்தேகம் வந்தது. தண்டவாளத்தின் முனை 400 மில்லிமீட்டரை எங்கள் சட்டத்தால் பிடித்து வளைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் இரு நேர்முனைகள் சந்தித்து ஒரு மூக்கு நீட்டியது. இது உண்மையான குறைதான். இணைப்புத் தகடுகளை முடுக்கியபடியே இரு துண்டுகளையும் சேர்த்து வளைத்து அதைச் சரிசெய்ய மூன்று ஞாயிறு போயிற்று. வண்டி விழும் இடம் இரண்டு மீட்டர் தள்ளிப்போனது, விழுவது நிற்கவில்லை. அடுத்து, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று நினைத்தோம். வண்டிக்கு ஸ்பிரிங் இல்லை. நாலு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நின்றால் பாதையை விட்டு ஏறிவிடும். ரசமட்டத்தை வைத்து அளந்து, 9 மில்லிமீட்டர் முறுக்கு இருந்த இடத்தில் ஜல்லியைக் குத்தி 2-க்குக் கொண்டுவந்தோம். அதற்கு இரண்டு ஞாயிறு. அப்போதும் விழுந்தது. மூன்றாவதாக வண்டியையே குற்றம் சொன்னோம். இரண்டடிப் பாதை என்று பொதுவாகச் சொன்னாலும் உலகில் அது ஒன்றல்ல: ஃபெஸ்டினியோக் 597, வேறு பல இடங்களில் 600, நம்முடையது 610. சக்கரம் வேறு பாதைக்கு வார்த்ததோ என்று கழற்றி அளந்தோம். 598 என்ற எண் அன்று கிடைத்ததுதான். 610-இல் பன்னிரண்டு மில்லிமீட்டர் விளையாட்டு இருக்க வேண்டும், தாராளம் என்று எழுதிவிட்டு, சக்கரத்தைத் திரும்ப மாட்டினோம். பாதையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று நாடாவை வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மஞ்சள் கம்பிதான் ஒவ்வொரு கட்டையிலும் கச்சிதமாக உட்கார்ந்ததே!

ஜூன் கடைசியில், எங்களில் ஒருவர் தம் மாமனாரை அழைத்துவந்தார். ரயில்வேயில் தண்டவாளக் கூட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்தெட்டு வயது. வந்ததும் வளைவைப் பார்க்கவில்லை, நாற்காலி கேட்கவில்லை. வெளித் தண்டவாளத்தின் தலையில் சுண்ணாம்புக் கட்டியை நீளத் தேய்க்கச் சொன்னார், வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னார். சக்கர விளிம்பின் தடம் சுண்ணாம்பில் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சாய்வாக ஏறியிருந்தது. "ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்குது. போக இடமில்லாம மேல ஏறுது" என்றார். கம்பியைக் காட்டினோம். அவர் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பழைய பாதைக்கு நடந்துபோய் வைத்தார், அது ஆடியது. நாங்கள் தேய்மானம் பற்றிச் சொன்னதும் குனிந்து, பழைய பாதையின் சிலிப்பரைக் கைத்தடியால் தட்டினார். அது மரமல்ல, அச்சில் அழுத்திய இரும்புத் தகடு. தண்டவாளத்தைப் பிடிக்கும் கொக்கிகள் அதிலேயே அறைந்தவை. "இரும்புக் கட்டையில கொக்கி போட்டது எப்படித் தம்பி அகலும்? தேஞ்சிருந்தா தலையில உதடு தெரியணுமே. எங்க காட்டு." ஓரத்தில் பிதுங்கி நிற்கும் அந்த உதடு இல்லை. நாடாவை எடுத்துப் பழைய பாதையை அளந்தோம்: 610. கம்பியை அளந்தோம்: 604.

ஒன்பது பேரில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. வெல்டிங் செய்தவன் நான் என்பதால் நான்தான் தேநீர் வாங்கப் போனேன்.

வளைவில் 610 போதாது, கூடுதலாக 5 மில்லிமீட்டர் விட வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஆக 604-இல் இருந்ததை 615-க்குக் கொண்டுபோக, உள்தண்டவாளத்தை 11 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே 11 மில்லிமீட்டர்தான் என்றால், 12 மில்லிமீட்டர் ஆணி பழைய துளைக்கே சரிந்துவிடும். முதல் மூன்று கட்டைகளில் அதுதான் நடந்தது. செங்கால் முளையை அடித்துப் பழைய துளையை அடைத்த பிறகும் ஆணி கோணலாகவே இறங்கியது. தீர்வு கட்டையின் அகலத்தில் இருந்தது. ஒரு தண்டவாளத்துக்குக் கட்டை ஒன்றில் இரண்டு ஆணிகள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, நேருக்கு நேர் அல்லாமல் குறுக்காக அடித்திருந்தோம். இப்போது அதே குறுக்கை எதிர்த் திசையில் போட்டால், இரண்டு ஆணிகளுக்கும் புதிய மரம் கிடைக்கும். பழைய துளைகளில் தார் தோய்த்த முளையை அடித்து மூடி, எதிர்க்குறுக்கில் துளையிட்டு அடித்தோம். வளைவில் 40 கட்டைகள், 80 ஆணிகள், இரண்டு ஞாயிறு. பிடுங்கும்போது வளைந்தவற்றுக்குப் பதிலாக, மிச்சம் இருந்த 22 ஆணிகளும் இதிலேயே தீர்ந்தன. நேர்ப்பகுதியின் கடைசி 3 மீட்டரில் 604-இலிருந்து 615-க்குப் படிப்படியாக அகலவிட்டோம். மற்ற 9 மீட்டர் இன்னும் 604-தான். வண்டி ஓடுகிறதே என்று பாதிப் பேர், கண்ணை உறுத்துகிறதே என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி.

புதிய கம்பியில் வெல்டிங் இல்லை. காதுகள் இரண்டையும் ஆளுக்கு இரண்டு போல்ட்டால் முடுக்கி, செந்தூலில் ஒரு லேத் பட்டறையில் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்து 610-க்குச் சரிசெய்து, அதன்பின் காதுகள் நகராமலிருக்கத் துளையிட்டு இரும்பு ஊசி அறைந்தோம். பட்டறைக்காரர் 20 வெள்ளி வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு தட்டை இரும்பை 610-க்கு அறுத்துத் தந்தார். வேலை தொடங்கும் முன் கம்பியை அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாதைக்கு எடுத்துப்போகிறோம். வளைவுக்கு 5 மில்லிமீட்டர் தகடு ஒன்று சங்கிலியில் தொங்குகிறது. சங்கிலி இல்லாத முதல் தகடு ஜல்லிக்குள் போய்விட்டது.

செலவை முழுதாகச் சொல்கிறேன். தண்டவாளமும் லோரியும் 1892 வெள்ளி, கட்டைகள் 1278, ஆணி 270-க்கு 486, போல்ட் 48-க்கு 120, ஜல்லி ஒரு பெரிய லோரி 960, வடிகட்டித் துணி 180, வளைக்கும் சட்டமும் ஜாக்கியும் 235. ஆக 5151 வெள்ளி, மீட்டருக்கு ஏறக்குறைய 143. பட்டறையின் 20 வெள்ளியை இதில் சேர்க்கவில்லை, அது என் கையிலிருந்து போனது. தேநீர்ச் செலவும் அப்படியே.

அடுத்த நீட்டிப்பு வந்தால், வளைவுக்கு 20 மீட்டர் ஆரம் வேண்டாம், 25 வைக்கலாம். இடம் இருந்தும் கொட்டகை வாசலுக்கு நேராக வர வேண்டும் என்ற ஆசையில் இறுக்கிவிட்டோம். 25 மீட்டர் ஆரத்துக்கு அதே 4 மீட்டர் நூலில் 80 மில்லிமீட்டர்தான் வரும், ஜாக்கி வேலையும் குறையும். கட்டைகளைப் பாதையில் போட்டுத் துளையிடாமல், மரத்தில் ஓர் அச்சுச் செய்து கொட்டகையிலேயே துளையிட்டு எடுத்துவரலாம். மழையில் வீணான பிற்பகல்கள் அதற்குப் பயன்படும்.

ஞாயிறு மாலை மழை விட்டபின் மறுபடி நடந்து பார்த்தோம். வளைவின் நான்காவது இணைப்பு, வண்டியின் பாரத்துக்கும் மழைக்கும் 8 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அங்கே துணி மடிந்துபோனதா, ஜல்லி குறைவா என்று தோண்டினால்தான் தெரியும். நான்கு கட்டைகளுக்கு அடியில் குத்த ஆறு மூட்டை ஜல்லியும் இரண்டு கடப்பாரைகளும் வேண்டும். மண்டோர் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருப்பதால், இம்முறை ஒரு நாற்காலி கொண்டுபோகிறோம்.